கலப்பு இணைதிறன் கோபால்ட் கொத்துகள்: ஏழு அணுக்களில் நான்கு மட்டும் காந்தமாவது ஏன்?

பல உலோக அணுக்கள் ஒன்றாகப் பிணைந்த மூலக்கூறைக் கொத்து என்கிறோம். ஏழு கோபால்ட் அணுக்கள் ஒரு தட்டுப்போல அமைந்த அத்தகைய மூலக்கூறு ஒன்றில், அந்த ஏழின் நேர்மின்சுமைகளையும் கூட்டினால் 17 வருகிறது. ஏழால் வகுத்தால் அணு ஒன்றுக்கு 2.43. பள்ளிப் பாடத்தில் இணைதிறன் முழு எண்ணாகவே அறிமுகமாவதால், இந்தப் பின்னம் படிப்பவரைத் தடுமாற வைக்கிறது. ‘ஒற்றை மூலக்கூறு காந்தம்’, ‘மூலக்கூறு அளவில் தகவல் சேமிப்பு’ போன்ற தலைப்புகளில் செய்திகள் வரும்போது இத்தகைய சேர்மங்களின் பெயர்கள் அடிபடுகின்றன. ஆனால் அந்தப் பின்னம் உண்மையில் எதைக் குறிக்கிறது, எலக்ட்ரான் ஏழு அணுக்களிடையே பங்கிடப்பட்டிருக்கிறதா, காந்தத்தன்மை எந்த அணுக்களில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அச்செய்திகளில் விடை கிடைப்பதில்லை.

இவற்றுள் முதலில் தீர்க்க வேண்டியது பங்கீட்டுக் கேள்வி. ஆக்சிஜனும் நைட்ரஜனும் சூழ்ந்த கோபால்ட் கொத்துகளில் எலக்ட்ரான் பொதுவாகப் பங்கிடப்படுவதில்லை. 2.43 என்பது வெறும் சராசரி. உண்மையில் நான்கு அணுக்கள் 2+ நிலையிலும் மூன்று அணுக்கள் 3+ நிலையிலும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. முதல் நான்கு காந்தத்தன்மை உடையவை, பின் மூன்றும் அநேகமாக அற்றவை. எது எங்கே அமர்கிறது என்பதே சேர்மத்தின் காந்தக் குணத்தைத் தீர்மானிக்கிறது.

கோபால்ட்டின் இரண்டு முகங்கள்

கோபால்ட்டின் அணு எண் 27. இரண்டு எலக்ட்ரான்களை இழந்து கோபால்ட்(2+) ஆகும்போது அதன் டி ஆர்பிட்டால்களில், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் ஐந்து வெளி இடங்களில், ஏழு எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. மூன்றை இழந்து கோபால்ட்(3+) ஆகும்போது ஆறு எஞ்சுகின்றன. ஓர் எலக்ட்ரான்தான் வேறுபாடு என்றாலும் விளைவு பெரிது.

உலோகத்தைச் சூழ்ந்து அதனோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனியை ஈனி என்பர். உலோக அயனியைச் சுற்றி ஆறு ஈனி அணுக்கள் எண்முகி வடிவில் அமையும்போது, ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. மூன்று கீழே இறங்குகின்றன, இரண்டு மேலே ஏறுகின்றன. இந்த இடைவெளியைப் படிகப் புலப் பிளவு என்கிறோம். எலக்ட்ரான்கள் கீழ்த்தட்டில் இணைசேர்ந்து நிரம்புமா, மேல்தட்டுக்கும் பரவித் தனித்தனியே நிற்குமா என்பது, இந்த இடைவெளி பெரிதா, இணைசேர்வதற்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் பெரிதா என்பதைப் பொறுத்தது.

1. கோபால்ட்(2+): மின்சுமை குறைவாக இருப்பதால் பிளவு சிறியது. ஆக்சிஜன் ஈனிகளின் நடுவே ஏழு எலக்ட்ரான்களில் ஐந்து கீழ்த்தட்டிலும் இரண்டு மேல்தட்டிலும் அமர்கின்றன. இணையாகாத எலக்ட்ரான்கள் மூன்று. இது உயர் சுழற்சி நிலை. எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பே தற்சுழற்சி; இணையாகாத எலக்ட்ரான் ஒன்றுக்கு 1/2 வீதம் மொத்தத் தற்சுழற்சி 3/2.

2. கோபால்ட்(3+): மின்சுமை கூடுவதால் ஈனிகள் நெருங்கி வருகின்றன, பிளவு விரிகிறது. ஆறு எலக்ட்ரான்களும் கீழ்த்தட்டிலேயே மூன்று இணைகளாக அடங்கிவிடுகின்றன. இணையாகாத எலக்ட்ரான் எதுவும் இல்லை. இது தாழ் சுழற்சி நிலை; மொத்தத் தற்சுழற்சி பூச்சியம்.

இரண்டாவது விதிக்கு விலக்கு உண்டு. ஆறு ஃபுளூரைடுகள் சூழ்ந்த கோபால்ட்(3+) அயனி உயர் சுழற்சி நிலையிலேயே நிற்கிறது. ஆனால் நீர், அல்காக்சைடு, கார்பாக்சிலேட், அமீன் ஆகிய ஈனிகளால் கட்டப்படும் கொத்துகளில் எண்முகிக் கோபால்ட்(3+) தாழ் சுழற்சியில் இருப்பதாகவே கொள்ளலாம்.

இதே ஏற்பாடு ஓர் எளிய ஆக்சைடிலும் இருக்கிறது. மூன்று கோபால்ட்டும் நான்கு ஆக்சிஜனும் கொண்ட கருநிறக் கோபால்ட் ஆக்சைடு ஸ்பினல் வகைப் படிகம்; அதில் நான்முகி இடங்களில் 2+ அயனிகளும் எண்முகி இடங்களில் 3+ அயனிகளும் இருக்கின்றன. சுமார் 40 கெல்வினுக்குக் கீழே அது எதிர் ஃபெர்ரோ காந்தமாக, அதாவது அண்டைக் காந்தங்கள் எதிரெதிர்த் திசை நோக்கும்படி, ஒழுங்குபடுகிறது. அந்த ஒழுங்கில் பங்கேற்பவை நான்முகி இடத்து 2+ அயனிகள் மட்டுமே. எண்முகி இடங்களில் உள்ளவை எண்ணிக்கையில் இரு மடங்காக இருந்தும் அவற்றுக்கு அதில் பங்கில்லை.

எலக்ட்ரான் ஏன் தாவுவதில்லை?

ஒரே தனிமம் இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளில் ஒரே சேர்மத்தில் இருப்பதைக் கலப்பு இணைதிறன் என்கிறோம். மெல்வின் ராபின், பீட்டர் டே ஆகிய இருவரும் 1967-ல் இவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரித்தனர். முதல் வகுப்பில் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. இரண்டாம் வகுப்பில் அது ஓரிடத்தில் தங்கியிருந்தாலும் ஒளியோ வெப்பமோ கொடுத்தால் அடுத்த அணுவுக்குத் தாவும். பிரஷ்யன் நீலத்தின் ஆழ்ந்த நிறம் அத்தகைய தாவலால் வருவதே. மூன்றாம் வகுப்பில் இரண்டு அணுக்களையும் வேறுபடுத்தவே முடியாத அளவுக்கு எலக்ட்ரான் பொதுவாகிவிடுகிறது.

கோபால்ட்–ஆக்சிஜன் கொத்துகள் பெரும்பாலும் முதல் வகுப்பிலோ, இரண்டாம் வகுப்பின் தொடக்க எல்லையிலோ நிற்கின்றன. காரணம் பிணைப்பு நீளத்தில் இருக்கிறது. மேல்தட்டு ஆர்பிட்டால்கள் ஈனிகளை நேருக்கு நேர் நோக்கியவை. அங்கே எலக்ட்ரான் இருந்தால் ஈனி விலகி நிற்கும். கோபால்ட்(2+)-இல் அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் உண்டு, தாழ் சுழற்சிக் கோபால்ட்(3+)-இல் ஒன்றுமில்லை. ஆகவே ஆறு அம்மோனியா சூழ்ந்த அயனிகளில் கோபால்ட்–நைட்ரஜன் நீளம் முதலதில் ஏறத்தாழ 2.11 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஆகவும், இரண்டாவதில் 1.94 ஆங்ஸ்ட்ராம் ஆகவும் இருக்கிறது. எலக்ட்ரான் ஒன்று தாவ வேண்டுமானால், அதற்கு முன்பே ஒரு கூட்டின் ஆறு பிணைப்புகளும் சுருங்க வேண்டும், மற்றொன்றின் ஆறும் நீள வேண்டும். போதாததற்குத் தற்சுழற்சி நிலையும் மாற வேண்டும். ரூத்தேனியத்தின் இதே வகை அம்மோனியா அயனிகளில் நீள வேறுபாடு சுமார் 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. அங்கே எலக்ட்ரான் பரிமாற்றம் மிக விரைவாக நடக்கிறது, கோபால்ட்டில் மிக மிக மெதுவாக நடக்கிறது. ஹென்றி டௌபேவுக்கு 1983-ல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த எலக்ட்ரான் மாற்ற ஆய்வுகள், கோபால்ட்(3+) தன் ஈனிகளை எளிதில் விடாது என்ற குணத்தை நம்பியே தொடங்கின.

எனவே கோபால்ட் கொத்தைப் பற்றிப் பேசும்போது ‘கலப்பு இணைதிறன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அலைந்து திரியும் எலக்ட்ரானைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

தயாரிப்பு: முதலில் கூடு, பிறகு பூட்டு

நீரில் கரைந்த கோபால்ட்(2+)-ஐக் கோபால்ட்(3+) ஆக்குவது எளிதன்று. ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த நிலையில் இந்த இணையின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை இழுக்கும் வலிமையின் அளவு) சுமார் +1.9 வோல்ட், ஆக்சிஜன்–நீர் இணைக்கு +1.23 வோல்ட். அதாவது இந்தச் சூழலில் காற்றால் கோபால்ட்டை ஆக்சிஜனேற்ற முடியாது. மாறாக, உருவாகும் கோபால்ட்(3+) நீரையே ஆக்சிஜனேற்றிவிடும். ஆனால் நீருக்குப் பதில் ஆறு அம்மோனியா சூழ்ந்தால் அதே மின்னழுத்தம் +0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நைட்ரஜன் ஈனிகள் 3+ நிலையை அந்த அளவுக்கு நிலைப்படுத்துகின்றன. அப்போது சாதாரணக் காற்றே போதும்.

இதிலிருந்து தயாரிப்பின் உத்தி பிறக்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த ஈனியைத் தேர்ந்தெடுத்தால், நைட்ரஜன் மிகுந்து கிடைக்கும் கோபால்ட் 3+ ஆகும், ஆக்சிஜன் மட்டும் சூழ்ந்தது 2+ ஆகவே நிற்கும். அமினோ ஆல்கஹால்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. ஓர் அமீன் முனையும் மூன்று ஆல்கஹால் கைகளும் கொண்ட ‘டிரிஸ்’ என்ற சேர்மம் அவற்றுள் ஒன்று. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் தாங்கல் கரைசலுக்கு அன்றாடம் பயன்படுவதும் அதுவே. பொதுவான செய்முறை இவ்வாறு செல்கிறது:

1. கோபால்ட்(2+) நைட்ரேட், அசெட்டேட் அல்லது குளோரைடு உப்பை ஈனியுடன் மெத்தனால் போன்ற கரைப்பானில் கரைக்கின்றனர்.

2. ட்ரைஎத்தில்அமீன் போன்ற காரத்தைச் சேர்த்து ஆல்கஹால் கைகளிலுள்ள ஹைட்ரஜனை நீக்குகின்றனர். அவ்வாறு விடுபட்ட ஆக்சிஜன் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று கோபால்ட்களைப் பிணைக்கும் பாலமாகிறது. காரத்தின் அளவு கொத்தின் பருமனையே மாற்றவல்லது. அளவு மிஞ்சினால் கரையாத ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிவிடும்.

3. கரைசலைக் காற்றில் கலக்கியோ, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தோ ஒரு பகுதிக் கோபால்ட்டை ஆக்சிஜனேற்றுகின்றனர். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்த கரைசல் பழுப்பாக இருள்வது இதன் அறிகுறி.

4. கரைப்பானை மெல்ல ஆவியாகவிட்டோ, ஈதர் ஆவியைக் கரைசலுக்குள் பரவவிட்டோ படிகம் வளர்க்கின்றனர். சில குழுக்கள் டெஃப்லான் உறையிட்ட மூடிய எஃகுக் கலத்தில் கரைப்பானின் கொதிநிலைக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கும் முறையைக் கையாளுகின்றன.

இந்த வரிசையில் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கோபால்ட்(2+) தன் ஈனிகளை மிக விரைவாக மாற்றிக்கொள்ளும். கோபால்ட்(3+) தான் பற்றிய ஈனியை எளிதில் விடாது. ஆகவே கொத்து முதலில் 2+ நிலையில் தடையின்றிக் கூடி, பிழையான பிணைப்புகளை அவிழ்த்துத் திருத்திக்கொண்டு, ஆக்சிஜனேற்றம் நடந்த கணத்தில் பூட்டப்படுகிறது. ஆக்சிஜனேற்றம் முந்திவிட்டால் தவறான அமைப்பே நிலைத்துவிடும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒரே பொருட்களை ஒரே விகிதத்தில் எடுத்தாலும், சேர்க்கும் வரிசையும் காற்றுப்படும் நேரமும் மாறினால் வேறு சேர்மம் கிடைக்கிறது.

தூய்மையும் இங்கே உயிர்நிலையான பிரச்சினை. நான்கு கோபால்ட்(3+) அணுக்களும் நான்கு ஆக்சிஜன்களும் மாறி மாறி முனைகளில் அமர்ந்த கனசதுர மூலக்கூறு, நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும் வினையூக்கி என்று கருதப்பட்டு வந்தது. டேனியல் நொசேராவின் குழு 2014-ல் அதைக் கவனமாகத் தூய்மைப்படுத்திச் சோதித்தபோது, அதுவரை அளக்கப்பட்ட வினையூக்கம் மாதிரியில் கலந்திருந்த கோபால்ட்(2+) மாசினால் வந்தது என்று தெரிந்தது. காந்த அளவீட்டிலும் இதே ஆபத்து உண்டு. காந்தத்தன்மையற்றதாக இருக்க வேண்டிய 3+ சேர்மத்தில் சிறிதளவு 2+ உப்பு கலந்திருந்தாலும் கருவி அதையும் சேர்த்தே காட்டும்.

அமைப்பு: எந்த அணு எந்த நிலையில்?

படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் இடங்களைக் கண்டறியலாம். ஆனால் அந்த முறை ஓர் அணுவின் ஆக்சிஜனேற்ற நிலையை நேரடியாகச் சொல்வதில்லை. 27 எலக்ட்ரான்களில் இரண்டு குறைந்ததா மூன்று குறைந்ததா என்ற நுண்ணிய வேறுபாட்டை அது வழக்கமான அளவீட்டில் பிரித்தறியாது. ஆகவே மூன்று சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதற்சான்று பிணைப்பு நீளம். எண்முகிச் சூழலில் கோபால்ட்(3+)–ஆக்சிஜன் நீளங்கள் 1.9 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியும், கோபால்ட்(2+)–ஆக்சிஜன் நீளங்கள் 2.0 முதல் 2.2 ஆங்ஸ்ட்ராம் வரையும் இருக்கும்.

இரண்டாவது, பிணைப்பு இணைதிறன் கூட்டல். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஓர் எண் தரப்படுகிறது: குறிப்பு நீளத்திலிருந்து அளந்த நீளத்தைக் கழித்து, 0.37-ஆல் வகுத்து, வரும் எண்ணை e (சுமார் 2.718) என்ற மாறிலியின் அடுக்காக்க வேண்டும். ஆறு பிணைப்புகளின் எண்களைக் கூட்டினால் அணுவின் இணைதிறன் வரும். தாழ் சுழற்சிக் கோபால்ட்(3+)-க்குக் குறிப்பு நீளம் ஏறத்தாழ 1.64 ஆங்ஸ்ட்ராம், ஆறு பிணைப்புகளும் 1.90 எனில் ஒவ்வொன்றும் 0.495, கூட்டுத்தொகை 2.97. கோபால்ட்(2+)-க்குக் குறிப்பு நீளம் 1.69, ஆறும் 2.10 எனில் ஒவ்வொன்றும் 0.33, கூட்டுத்தொகை 1.98. இரண்டும் 3, 2 ஆகிய எண்களுக்கு அருகில் வருவதே சோதனை.

மூன்றாவது, மின்சுமைக் கணக்கு. மூலக்கூறின் எதிர்மின் ஈனிகளையும் வெளியே நிற்கும் எதிர் அயனிகளையும் எண்ணினால் உலோகங்களின் மொத்த நேர்மின்சுமை தெரியும். இங்கே இடர்ப்பாடு ஹைட்ரஜனால் வருகிறது. எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் மங்கலாகவே தெரியும். பாலமாக நிற்பது ஆக்சைடா, ஹைட்ராக்சைடா, நீரா என்பதில் ஒரு ஹைட்ரஜன் தவறினால் ஒரு கோபால்ட்டின் நிலையே மாறிவிடும். முதல் இரண்டு சான்றுகளும் அதைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். மற்றொரு பொறியும் இருக்கிறது: படிகத்தில் 2+, 3+ அணுக்கள் ஒரே இடத்தில் ஒழுங்கின்றிக் கலந்து அமர்ந்தால் சராசரி நீளம் 2.0 ஆங்ஸ்ட்ராம் என்று தோன்றும். எலக்ட்ரான் பங்கிடப்பட்டிருப்பதாகத் தவறாக முடிவு செய்ய அது இடம் தரும்.

இனி உண்மைச் சேர்மங்கள் இரண்டு.

தொடக்கத்தில் சொன்ன ஏழணுத் தட்டு 2007-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மார்க் முரி உள்ளிட்ட ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. அதில் ஆறு டிரிஸ் ஈனிகள், ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன்களை இழந்து இரட்டை எதிர்மின்சுமையுடன் இருக்கின்றன. அவற்றோடு மூன்று நைட்ரேட்டுகளும் மூன்று நீர் மூலக்கூறுகளும் உலோகங்களைப் பற்றியுள்ளன. முழு அயனியின் மின்சுமை 2+. ஆறு ஈனிகளுக்கு 12, நைட்ரேட்டுகளுக்கு 3, ஆக 15 எதிர்மின்சுமை. அதோடு இரண்டைக் கூட்டினால் கோபால்ட்களின் மொத்தம் 17. நான்கு 2+, மூன்று 3+ என்றால் எட்டும் ஒன்பதும் பதினேழு.

ஒரு கோபால்ட் நடுவிலும் ஆறு கோபால்ட்கள் வளையமாகவும் அமைந்த இத்தட்டுக்கு மூன்று மடங்குச் சுழற்சிச் சமச்சீர் இருக்கிறது. 120 பாகை திருப்பினால் அது தன்னோடு பொருந்தும். இந்த ஒரே செய்தியிலிருந்து இணைதிறன்களின் இடங்களை ஊகித்துவிடலாம். நடு அணு தனித்தது. வளையத்தின் ஆறு அணுக்களும் மும்மூன்றாக இரண்டு கூட்டங்களாகப் பிரிய வேண்டும், அவை ஒன்றுவிட்டு ஒன்று வர வேண்டும். 3+ அணுக்கள் மூன்று என்பதால் அவை வளையத்தின் ஒரு கூட்டம். மற்ற கூட்டமும் நடு அணுவும் 2+. ஆக நடுவில் ஒரு 2+, சுற்றிலும் 2+, 3+ என மாறி மாறி ஆறு. அமீனின் நைட்ரஜன் 3+ நிலையை நிலைப்படுத்தும் என்று மேலே கண்டோம். ஆறு நைட்ரஜன்களும் மூன்று 3+ அணுக்களுக்கு இரண்டிரண்டாகச் சேர, நைட்ரேட்டும் நீரும் 2+ அணுக்களுக்குச் செல்வது அந்தத் தர்க்கத்தோடு இயல்பாக இசைகிறது.

இரண்டாவது சேர்மம் ஜார்ஜ் கிறிஸ்டூவின் குழு 1995-ல் விவரித்த எட்டணுக் கோபால்ட் பென்சோயேட். நான்கு 3+ அணுக்களும் நான்கு ஆக்சைடுகளும் உள்ளே கனசதுரமாக அமைய, ஒவ்வோர் ஆக்சைடும் வெளியே நீண்டு ஒரு 2+ அணுவைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு ஆக்சைடுகளுக்கு எட்டும், பன்னிரண்டு பென்சோயேட்டுகளுக்குப் பன்னிரண்டும் சேர்ந்து 20. நான்கு 3+, நான்கு 2+ அணுக்களுக்கும் அதே 20. முந்தைய தட்டில் காந்த அணுக்கள் நடு அணுவின் வழியே தொடர்புகொள்கின்றன. இதிலோ காந்த அணுக்கள் நான்கும் விளிம்புகளில் சிதறி நிற்க, அவற்றின் நடுவே காந்தமற்ற கரு இருக்கிறது. ஒரே தனிமம், ஒத்த நிலைகள், இரண்டிலும் நான்கு காந்த அணுக்கள். ஆனால் அமைப்பு நேரெதிர்.

காந்த அளவீடு: வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

காந்த ஆய்வாளர்கள் வழக்கமாக வரைவது, மோலார் காந்த ஏற்புத்திறனை (ஒரு மோல் பொருள் வெளிக்காந்தப் புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவை) வெப்பநிலையால் பெருக்கி வரும் மதிப்பு வெப்பநிலையோடு மாறும் விதத்தை. இங்கே அதைப் பெருக்கற்பலன் என்று குறிப்போம். அதன் அலகு மோலுக்குக் கன சென்டிமீட்டர் கெல்வின். அளவீட்டுக்கு மீக்கடத்துக் குவாண்டம் குறுக்கீட்டுமானி, அதாவது ஸ்குவிட், பயன்படுகிறது. சுமார் 2 முதல் 300 கெல்வின் வரை அளப்பது மரபு.

மூன்று இணையாகாத எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை மட்டும் கணக்கிட்டால் ஒரு கோபால்ட்(2+)-க்குப் பெருக்கற்பலன் 1.875, காந்தத் திருப்புத்திறனாகச் சொன்னால் 3.87 போர் மேக்னட்டான். ஆனால் எண்முகிக் கோபால்ட்(2+) சேர்மங்களில் அறை வெப்பநிலையில் அளக்கப்படுவது 2.7 முதல் 3.4 வரை. இந்த மிகை, எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் கோண உந்தத்தின் பங்கு. கீழ்த்தட்டின் மூன்று ஆர்பிட்டால்களில் ஐந்து எலக்ட்ரான்கள் இருப்பதால் காலியிடம் ஒன்று மூன்று ஆர்பிட்டால்களுக்கும் மாறிக்கொள்ள முடிகிறது. அந்தச் சுழற்சி தனியே ஒரு காந்தத்தை உண்டாக்குகிறது. பெரும்பாலான முதல் வரிசை இடைநிலை உலோகங்களில் இந்தப் பங்கு அநேகமாக அணைந்துவிடும். எண்முகிக் கோபால்ட்(2+)-இல் அணைவதில்லை.

இதனால் விளையும் மூன்று பொறிகளை விரிவாகப் பார்ப்பது அவசியம். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

1. எண்ணிக்கைப் பொறி. ஏழணுத் தட்டில் நான்கு 2+ அணுக்கள் இருப்பதால் அறை வெப்பநிலைப் பெருக்கற்பலன் 10.8 முதல் 13.6 வரை எதிர்பார்க்கப்படும். இப்போது ஒருவர் தற்சுழற்சிக் கணக்கை மட்டும் கையில் எடுத்தால், ஏழும் 2+ என்ற தவறான அனுமானத்துக்கு வரும் மதிப்பு ஏழு முறை 1.875, அதாவது 13.1. அது இந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது! காந்த அளவீட்டை மட்டும் வைத்து 2+ அணுக்களை எண்ணினால் மூன்று அணுக்களைத் தவறாகச் சேர்த்துவிடலாம். பிணைப்பு நீளம் முன்னே நிற்க வேண்டும், காந்த எண் பின்னே வர வேண்டும்.

2. சரிவுப் பொறி. வெப்பநிலை குறையக் குறையப் பெருக்கற்பலன் சரிந்தால், அணுக்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் திருப்புகின்றன, அதாவது எதிர் ஃபெர்ரோ காந்த இடைவினை இருக்கிறது என்று சொல்வது வழக்கம். கோபால்ட்(2+)-க்கு இந்த முடிவு செல்லாது. தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றோடொன்று பிணைவதால் ஆற்றல் நிலைகள் பிளவுபடுகின்றன. குளிர்ந்தால் மிகக் கீழுள்ள இரட்டை நிலையில் மட்டுமே அயனிகள் தங்குகின்றன. அந்நிலை, தற்சுழற்சி 1/2 உடையதுபோல, ஆனால் சராசரி ஜி மதிப்பு (தற்சுழற்சி எவ்வளவு காந்தம் தருகிறது என்ற எண்; தனி எலக்ட்ரானுக்குச் சுமார் 2) 4.3 அளவுக்கு உயர்ந்ததாக நடந்துகொள்கிறது. அதன் பெருக்கற்பலன் சுமார் 1.7. அண்டையில் வேறு காந்த அணு ஒன்றுகூட இல்லாமலே 3 என்ற மதிப்பு 1.7-க்கு இறங்கிவிடும்.

3. சிறுபங்குப் பொறி. கோபால்ட்(3+) முற்றிலும் மௌனமானதன்று. கிளர்வு நிலைகள் சிறிதளவு கலப்பதால், வெப்பநிலையைச் சாராத பாரா காந்தப் பங்கு ஒன்று அணுவுக்கு மோலுக்கு ஏறத்தாழ 0.0002 கன சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. 300 கெல்வினால் பெருக்கினால் மூன்று அணுக்களுக்கு 0.18. சிறிய எண்தான், ஆனால் கழிக்காமல் விட்டால் வரைபடத்தின் வெப்பமான முனை சற்றே மேல்நோக்கிச் சாயும், பொருத்திப் பெறும் எண்கள் பிறழும்.

இரண்டாவது பொறிக்கு இயற்கையான மாற்றுமருந்தாக அமைந்தவை கலப்பு இணைதிறன் சேர்மங்களே. ஒரு 2+ அணுவும் ஒரு 3+ அணுவும் மட்டும் கொண்ட ஈரணுச் சேர்மத்தில், காந்த அணு ஒன்றே ஒன்றுதான். மூலக்கூறுக்குள் இடைவினை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே காணும் சரிவு முழுவதும் அந்த ஒற்றை அயனியின் சொந்தக் குணம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் பணியாற்றிய வடபள்ளி சந்திரசேகரும் ஸ்பெயினின் என்ரிகே கொலாசியோவும் தம் குழுக்களோடு 2013-ல் இத்தகைய ஈரணுச் சேர்மங்களை வெளியிட்டனர். 2+ அணுவின் ஆறாவது இடத்தில் குளோரைடு, புரோமைடு, நைட்ரேட் என்று மாற்றி மாற்றி வைத்த அச்சேர்மங்கள், வெளிக்காந்தப் புலம் இருக்கும்போது காந்தத் திசையை மெல்ல மட்டுமே மாற்றிக்கொண்டன. 3+ அணு இங்கே காந்த அணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தும் இடைவெளியாகப் பயன்பட்டது.

அணுக்களுக்கிடையே நடப்பது

ஒரே மூலக்கூறில் பல 2+ அணுக்கள் இருந்தால் அவை ஆக்சிஜன் பாலத்தின் வழியே ஒன்றையொன்று உணர்கின்றன. இதற்கு மீப்பரிமாற்ற இடைவினை என்று பெயர். குட்இனஃப், கனமோரி ஆகியோரின் விதிகளின்படி கோபால்ட்–ஆக்சிஜன்–கோபால்ட் கோணம் 90 பாகைக்கு அருகில் இருந்தால் ஒரே திசைத் திருப்பத்துக்கு, அதாவது ஃபெர்ரோ காந்த இடைவினைக்கு வாய்ப்பு மிகுகிறது. கோணம் விரிய விரிய எதிர்த்திசைத் திருப்பம் ஓங்குகிறது. தட்டு வடிவக் கொத்துகளில் எண்முகிகள் விளிம்பைப் பகிர்ந்துகொள்வதால் கோணங்கள் 90 பாகையை விடச் சற்றே மிகுந்தவையாக அமைகின்றன. இத்தகைய கொத்துகள் மீது ஆர்வம் குவிந்ததன் முதற்காரணம் இதுவே.

ஏழணுத் தட்டில் 3+ அணுக்கள் வளையத்தில் இடைவிட்டு நிற்பதால், வளையத்து 2+ அணுக்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று நேரடி அண்டை அல்ல. மூன்றும் நடு அணுவோடு மட்டுமே பாலத்தால் நேரடியாகத் தொடர்புடையவை. ஏழு அணுச் சிக்கல், நடுவில் ஒன்றும் முனைகளில் மூன்றுமாக நான்கு காந்தங்கள் கொண்ட எளிய கணக்காகச் சுருங்குகிறது. ஏழும் 2+ ஆக இருந்திருந்தால் பன்னிரண்டு அண்டைத் தொடர்புகள் இருந்திருக்கும். இங்கே மூன்றே மூன்று.

ஒற்றை மூலக்கூறு காந்தம் என்ற தொடரையும் இங்கே விளக்க வேண்டும். ஒரு மூலக்கூறின் காந்தம் ‘மேல்’ நிலையிலிருந்து ‘கீழ்’ நிலைக்குத் திரும்ப ஓர் ஆற்றல் தடையைக் கடக்க வேண்டியிருந்தால், போதிய அளவு குளிரில் அது திரும்பாமல் நின்றுவிடும். 1993-ல் இப்பண்பு பன்னிரண்டு மாங்கனீசு அணுக்களைக் கொண்ட அசெட்டேட் கொத்தில் நிறுவப்பட்டது. 2 கெல்வினில் அதன் காந்தம் தளர மாதக்கணக்கில் ஆகிறது. அதுவும் கலப்பு இணைதிறன் சேர்மமே: எட்டு மாங்கனீசு(3+), நான்கு மாங்கனீசு(4+). ஆனால் அங்கே இரண்டு நிலைகளும் காந்தத்தன்மை உடையவை. கோபால்ட் கொத்துகளிலோ ஒரு நிலை காந்தமாக ஒலிக்க, மற்றது மௌனமாக இருக்கிறது.

கோபால்ட்டில் தடை உயர்வதற்கு மூலம் சுற்றுப்பாதைப் பங்கு. அது காந்தத்துக்கு மிக வலுவான திசைச் சார்பைத் தருகிறது. கோபால்ட்(2+) மட்டுமே கொண்ட நான்கணுக் கனசதுரம் ஒன்று 2002-ல் முதல் கோபால்ட் ஒற்றை மூலக்கூறு காந்தமாக அறிவிக்கப்பட்டது. முரி குழுவின் ஏழணுத் தட்டு அந்த வரிசையில் வந்த கலப்பு இணைதிறன் உறுப்பு. ஆயினும் ஒவ்வோர் அணுவுக்கும் வலுவான திசைச் சார்பு இருந்தால் மட்டும் போதாது. அந்தத் திசைகள் மூலக்கூறுக்குள் ஒன்றோடொன்று இணையாக அமைய வேண்டும். ஒவ்வோர் அணுவும் வெவ்வேறு பக்கம் நோக்கினால் வலிமைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கோபால்ட் கொத்துகள் மாங்கனீசு கொத்துகளை எளிதில் மிஞ்சும் என்ற தொடக்கக்கால எதிர்பார்ப்பு நிறைவேறாததற்கு, என் கணிப்பில், இதுவே முதன்மைக் காரணம். இப்போது சமச்சீர்மையை முன்கூட்டியே திட்டமிட்டு ஈனியைத் தேர்வது அதனால்தான் அவசியமாகிறது.

எலக்ட்ரான் உண்மையிலேயே நகரும் இடங்கள்

இதுவரை கூறியது ஆக்சிஜன், நைட்ரஜன் சூழலுக்குப் பொருந்தும். ஈனியை மாற்றினால் கதையும் மாறும். ஆறு கோபால்ட்களும் எட்டு செலீனியங்களும், வெளியே ஆறு ட்ரைஎத்தில்பாஸ்பீன்களும் கொண்ட கொத்தில் கணக்குப்படி சராசரி 2.67, ஆனால் அங்கே ஆறு அணுக்களும் சமமானவை, எலக்ட்ரான்கள் கொத்து முழுவதற்கும் பொதுவானவை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் இத்தகைய கொத்துகளையே அணுக்களைப்போல வைத்து, பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீனோடு சேர்த்துப் புதிய திண்மங்களைக் கட்டினர்.

இன்னொரு வழி, எலக்ட்ரானை ஒளியால் தள்ளுவது. கோபால்ட்(3+) அருகே சயனைடு பாலத்தின் மறுமுனையில் இரும்பு(2+) இருந்தால் இரண்டும் தாழ் சுழற்சி நிலையில் காந்தமற்றவை. இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் கோபால்ட்டுக்குத் தாவினால் கோபால்ட்(2+), இரும்பு(3+) என்றாகி இரண்டுமே காந்தத்தன்மை பெறுகின்றன. ஜப்பானில் ஓசமு சாட்டோ, கசுஹிட்டோ ஹாஷிமோட்டோ உள்ளிட்ட குழுவினர் 1996-ல் பிரஷ்யன் நீல வகைத் திண்மம் ஒன்றில் சிவப்பு ஒளியால் காந்தத்தை ஏற்றவும், நீல ஒளியால் இறக்கவும் முடியும் என்று காட்டினர். 2008-ல் ஸ்டீஃபன் ஹோம்ஸ், ரோடால்ஃப் கிளெராக் ஆகியோரின் குழுக்கள் இந்த நிகழ்வை நான்கு இரும்பும் நான்கு கோபால்ட்டும் முனைகளில் அமர்ந்த ஒற்றைக் கனசதுர மூலக்கூறுக்குக் கொண்டுவந்தன.

முன்பு தடையாகச் சொல்லப்பட்ட பிணைப்பு நீள வேறுபாடு இங்கே பயன்படுகிறது. ஒளி எலக்ட்ரானைத் தள்ளியவுடன் கோபால்ட்டைச் சுற்றிய ஆறு பிணைப்புகளும் ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் நீண்டுவிடுவதால், எலக்ட்ரான் திரும்பி வருவதற்கும் அதே உயரமான தடை குறுக்கே நிற்கிறது. ஒளியை நிறுத்திய பிறகும் குளிரில் காந்த நிலை நீடிப்பது அதனால்தான். 1996-ன் திண்மத்தில் அந்த நிலை சுமார் 150 கெல்வினுக்குச் சூடாக்கியபோது அழிந்தது. தடையை இன்னும் உயர்த்தி, அறை வெப்பநிலைக்கு அருகிலும் அந்நிலையைத் தாங்கவைக்கும் ஈனிகளைத் தேடுவதே இத்துறையில் இன்று நடக்கும் முதன்மையான தயாரிப்புப் பணிகளுள் ஒன்று.